ஒன்பதாயிரத்து இருநூறு ரூபா மணிக்கூடும் ஓர் அரைப் புள்ளியும்

தலவாக்கலை டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். செஸ் மணிக்கூட்டைப் பற்றி எழுத ஒரு தையல்காரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பதினெட்டு வருஷமாக மிஷின் மிதிக்கிறேன். ஒரு சாமான் உழைக்குமா, ஆறு மாசத்தில் கையை விரிக்குமா என்பதை அதன் திருகாணியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவேன். அதோடு சனிக்கிழமை பின்னேரங்களில் வாசிகசாலையில் கூடுகிற எங்கள் செஸ் கிளப்பில் ஆறு வருஷமாக ஆடுகிறேன். என் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறமையை அளக்கிற எண், 1467. இதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

மணிக்கூட்டைக் கண்டியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கினேன். 9,200 ரூபா. பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், ஒரே மணிக்கூட்டை வைத்து ஒரு கம்பெனியையே தூக்கில் போடுவது நியாயமில்லை. சாம்பல் நிற உடம்பு, மேலே நீலத்தில் சீசோ பலகை மாதிரி நீளமான ஒரு கட்டை. அந்தக் கட்டையின் உங்கள் பக்கத்தை அமுக்கினால் உங்கள் நேரம் நிற்கும், எதிராளியுடையது ஓடும். கடைக்காரத் தம்பிக்கு அதை எப்படி செட் பண்ணுவது என்று தெரியவில்லை. "உள்ளுக்கு புக் இருக்கு அக்கா" என்றார். இருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் இங்கிலீஷ்.

ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. கிளப்பில் இருந்தது பழைய சாவி கொடுக்கிற மணிக்கூடு, இரண்டு முகம். பெரிய முள் பன்னிரண்டை நெருங்க நெருங்க ஒரு சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கும், தாண்டியதும் கொடி விழும். கொடி விழுந்தால் அனேகமாகத் தோல்விதான். போன வருஷம் அந்த மணிக்கூட்டில் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் வைத்து ஆடினோம். எனக்கு ஒரு கோட்டை, எதிராளிக்கு ஒரு கோட்டையும் ஒரு சிப்பாயும். (எங்கள் கிளப்பில் பாதிப்பேர் யானை என்பார்கள், பாதிப்பேர் கோட்டை. நான் கோட்டைக் கட்சி.) அது ட்ரோ (வெற்றி தோல்வி இல்லை, ஆளுக்கு அரைப் புள்ளி) என்று எனக்குத் தெரியும், எப்படி ட்ரோ பண்ணுவது என்றும் தெரியும். செய்து காட்டத்தான் நேரம் இருக்கவில்லை. பத்து நகர்த்தலுக்குள் கொடி விழுந்தது. எதிரே இருந்தவர் ஹட்டனில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் தபால் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். "தெரிஞ்சா மட்டும் போதாது பிள்ளை, நேரத்துக்குச் செய்யணும்" என்றார். அன்றைக்கு இரவு தைத்த சட்டைக்கு இரண்டு கையையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

சரி, மணிக்கூட்டுக்கு வருவோம்.

இந்த வகை டிஜிட்டல் மணிக்கூட்டின் உயிர் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கொஞ்சம் நேரம் கூட்டித் தரும். உலக சாம்பியனாக இருந்த பாபி ஃபிஷர் 1988இல் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அடுத்த வருஷம் கிடைத்தது. 1992இல் யூகோஸ்லாவியாவில், தான் முன்பு தோற்கடித்துப் பட்டம் பறித்த ஸ்பாஸ்கியோடு திரும்ப ஆடியபோது அந்த மணிக்கூட்டைத்தான் மேசையில் வைத்தார்கள். இன்றைக்குப் பெரிய போட்டிகளில் பழகிப்போன கணக்கு, ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 செக்கன் கூடுதல்.

என் மணிக்கூட்டில் இதை செட் பண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. வாங்குபவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். பட்டனை அழுத்திக்கொண்டு போனால் "போனஸ்" என்று ஒன்று வரும், "டிலே" என்று ஒன்று வரும். இரண்டிலும் 30 என்று போடலாம். போனஸ் என்றால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 செக்கன் உங்கள் கணக்கில் சேரும். பத்து செக்கனில் நகர்த்தினால் இருபது மிச்சம், அது உங்களுடையது. டிலே அப்படியில்லை. முதல் 30 செக்கனை எண்ணாமல் விடும், அவ்வளவுதான், மிச்சம் பிடிக்க வழியில்லை. சம்பளத்தைக் கையில் தருவதற்கும் கடையில் பற்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம். முதல் இரண்டு வாரம் நானும் மகனும் டிலேயில் வைத்துக்கொண்டு, ஏன் நேரம் கூடவே மாட்டேன் என்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். இன்னொன்று, முதல் நகர்த்தலுக்குரிய 30 செக்கனை இது தானாகச் சேர்க்காது. ஆரம்ப நேரத்தை 1 மணி 30 நிமிடம் 30 செக்கன் என்று நாமே வைக்க வேண்டும்.

குறைகள். பெட்டரி மூடி லூஸ். இரண்டு பென் டோர்ச் பெட்டரி போகிற இடம், கட்டையைக் கொஞ்சம் வேகமாக அமுக்கினால் மூடி அசைகிறது. காலருக்கு வைக்கிற கான்வாஸில் ஒரு துண்டு வெட்டி மடித்துச் செருகினேன், இப்போது கல்லு மாதிரி நிற்கிறது. கீழே நாலு ரப்பர் கால், அதில் ஒன்று முதல் மாசமே கழன்றது. பெவிகோல் போட்டேன், திரும்பக் கழன்றது, ஒரு சட்டை பட்டனை ஒட்டிவிட்டேன். உடம்பில் எடையே கிடையாது. வழுவழுப்பான மேசையில் வைத்து அவசரத்தில் அடித்தால் வழுக்கிப் போகும். திரையை நேராகப் பார்த்தால் நல்ல தெளிவு, சாய்ந்து பார்த்தால் எண்கள் மங்கும். மலைநாட்டில் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்கிற மண்டபங்களில் இது சின்னக் குறை இல்லை. பீப் சத்தம் ஒன்று இருக்கிறது, நேரம் குறையக் குறையக் கத்தும். நல்ல வேளை, நிறுத்தி வைக்கலாம். போட்டியில் நிறுத்தியே ஆக வேண்டும், பக்கத்து மேசைக்காரர் கொன்றுவிடுவார்.

இனி அந்த ஆட்டம்.

ஹட்டனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சனி, ஞாயிறு ஐந்து சுற்றுப் போட்டி. மணிக்கூடு காணாது, இருப்பவர்கள் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் என்னுடையதை ஒரு பழைய பாவாடைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டாம் சுற்று பகல் ஒன்றரைக்கு. பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் எனக்கு எதிரே தபால் ஐயா, ரேட்டிங் 1583. அவருக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. நடுவர் வந்து என் மணிக்கூட்டை எடுத்து, போனஸா டிலேயா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வைத்தார். அந்த இளம்பிள்ளைக்கு அப்போதே மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஐயா வழக்கம் போல ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, மந்திரியை எஃப்4இல் (எழுத்து நெடுக்கு வரிசைக்கு, ஏ முதல் எச் வரை; எண் குறுக்கு வரிசைக்கு, வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை) கொண்டுவந்து வைத்து லண்டன் சிஸ்டம் என்கிற தொடக்கத்தை ஆடினார். இருபது வருஷமாக அதைத்தான் ஆடுகிறாராம், வேறு ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார். பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ, ஒரு தாளில் சுற்றிய கித்துள் கருப்பட்டி. கருப்பட்டியில் ஒரு கடி, ஒரு மிடறு, ஒரு நகர்த்தல். என்னையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எதிரியின் கருப்பட்டியும் இனிக்கத்தான் செய்கிறது.

இருபதாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஒரு கூத்து. இந்த மணிக்கூடு ஆரம்பத்தில் மணியும் நிமிடமும் மட்டும் காட்டும், இருபது நிமிடத்துக்குக் கீழே போன பிறகுதான் நிமிடமும் செக்கனும். ஐயாவின் பக்கம் 1:04 என்று காட்டியது, அதாவது ஒரு மணித்தியாலமும் நாலு நிமிடமும். அவர் ஏறிட்டுப் பார்த்தார், முகம் மாறியது, சடாரென்று ராணியை ராணியோடு மாற்றிவிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். ஒரு நிமிடம் நாலு செக்கன் என்று நினைத்தீர்களா என்று ஆட்டம் முடிந்த பிறகு கேட்டேன். "சேச்சே, அது திட்டம்" என்றார். நான் நம்பவில்லை. மணிக்கூட்டின் தவறு என்றுதான் எழுதிக்கொள்கிறேன், இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் காட்ட ஒரு சின்னப் புள்ளியாவது வைத்திருக்கலாம்.

நடு ஆட்டத்தில் சொல்ல அதிகமில்லை. குதிரையை ஒரு நகர்த்தல் பிந்தி எடுத்ததில் ஒரு சிப்பாய் போனது. போன பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தோம். ஐயாவுக்குச் சந்தோஷம், சிப்பாய் கூட இருப்பவர் மாற்றத்தான் பார்ப்பார். அறுபதாவது நகர்த்தலை நெருங்கும்போது மேசையில் மிஞ்சியது அவருக்கு ராஜா, கோட்டை, ஈ வரிசையில் ஒரு சிப்பாய். எனக்கு ராஜா, கோட்டை. போன வருஷம் கொடி விழுந்தபோது இருந்த அதே சாமான்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிலிடோர் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். இசையமைப்பாளர், அந்தக் காலத்தின் பெரிய செஸ் ஆட்டக்காரரும் அவர்தான். இந்த முடிவை எப்படிக் காப்பது என்பதற்கு இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். விஷயம் இதுதான். என் ராஜா ஈ8இல், சிப்பாய் வந்து ராணியாகிற கட்டத்திலேயே குந்தியிருக்கிறது. அவர் ராஜா டி5, சிப்பாய் ஈ5, கோட்டை எச்7. என் கோட்டை ஆறாம் வரிசையில் வேலி மாதிரி நிற்க வேண்டும். அந்த வேலியைத் தாண்டி அவர் ராஜா ஆறாம் வரிசைக்கு வர முடியாது. நான் கோட்டையை ஏ6, பி6, ஏ6 என்று ஆறாம் வரிசையிலேயே நடை பழக விட்டுக்கொண்டிருந்தால் போதும். வேலியை உடைக்க அவருக்கு இருக்கிற ஒரே வழி சிப்பாயை ஈ6க்குத் தள்ளுவது. தள்ளியதும் என் கோட்டை ஒரே ஓட்டமாகக் கீழே, முதல் வரிசைக்குப் போக வேண்டும். சிப்பாய் ஈ6இல் நின்றுகொண்டால் அவர் ராஜாவுக்கு அதுவரை இருந்த ஒளிகிற இடம் போய்விடும், பின்னால் இருந்து செக் மேல் செக் வைக்கலாம். சிப்பாய் தள்ளுவதற்கு முன்னமே கீழே ஓடினால் அவர் ராஜா ஆறாம் வரிசையில் ஏறிக்கொள்ளும், பிறகு கஷ்டம். தள்ளிய பிறகும் ஆறாம் வரிசையிலேயே நின்றால் அவர் ராஜா ஈ5 வழியாகச் சிப்பாயின் மறுபக்கம் எஃப்6க்கு வந்து, அடுத்தது கோட்டை எச்8இல் செக்மேட். நேரம் தெரிந்து ஓட வேண்டும். வேறு கெட்டித்தனம் ஒன்றும் இதில் இல்லை.

நான் ஆறாம் வரிசையில் நடை பழகினேன். ஐயா அவசரப்படவில்லை. கோட்டையை ஏழாம் வரிசையில் அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார், ராஜாவை ஒரு கட்டம் பின்னால் எடுத்தார், திரும்பக் கொண்டுவந்தார். என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். என் நேரத்தைத் தின்கிறார். அவருக்கு ஆறு நிமிடம் இருந்தது, எனக்கு 41 செக்கன். போன வருஷம் பலித்தது இந்த வருஷமும் பலிக்கும் என்று நினைத்தார்.

இந்த இடத்தில்தான் 9,200 ரூபாவுக்கு அர்த்தம் வந்தது. 41 செக்கனில் இருந்து எட்டு செக்கன் யோசித்து நகர்த்துகிறேன், கட்டையை அமுக்குகிறேன், 33 ஆகி அதோடு 30 சேர்ந்து 1:03 ஆகிறது. அடுத்ததற்கு இருபது செக்கன் எடுக்கிறேன், 1:13. தெரிந்த வேலையை ஆறுதலாகச் செய்ய அது போதும். ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதவும் வேண்டும். கூடுதல் நேரம் 30 செக்கனுக்குக் குறைவாக இருந்து ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் எழுதாமல் விடலாம், 30 செக்கன் கிடைக்கிற ஆட்டத்தில் கடைசிவரை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியது என்னைக் காப்பாற்றியது, அதைச் சொல்கிறேன்.

அறுபத்தொன்பதாவது நகர்த்தலில் ஐயா பெருமூச்சு விட்டுச் சிப்பாயை ஈ6க்குத் தள்ளினார். என் கோட்டை பி6இல் நின்றது. பி1க்கு இறக்கினேன். கட்டையை அமுக்கும்போது மணிக்கூடு ஓர் அங்குலம் வழுக்கியது, அதுவும் பட்டன் ஒட்டிய கால் இருக்கிற பக்கம். ராஜா டி6. கோட்டை டி1, செக். ராஜா ஈ5. கோட்டை ஈ1, செக். ராஜா திரும்ப டி6. கோட்டை டி1, செக். திரும்ப ஈ5, திரும்ப ஈ1. ஐயா கருப்பட்டித் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். 74ஆவது நகர்த்தல், ராஜா டி6.

இப்போது நான் கோட்டையைத் தொடவில்லை. ஒரே நிலை மூன்று தடவை வந்தால் ட்ரோ கேட்கலாம். என் நகர்த்தலால் மூன்றாவது தடவை வரப்போகிறது என்றால், அந்த நகர்த்தலை ஆடக் கூடாது. தாளில் எழுதிவிட்டு நடுவரைக் கூப்பிட வேண்டும். ஆடிவிட்டுக் கட்டையை அமுக்கினால் முறை அவருடையது, உரிமை என் கையை விட்டுப் போய்விடும். எங்கள் கிளப்பில் பலர் மூன்று தடவையும் அடுத்தடுத்து வர வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. நடுவில் எத்தனை நகர்த்தல் போனாலும் பரவாயில்லை, அதே காய்கள் அதே கட்டங்களில் நின்று, ஆட வேண்டியவரும் அதே ஆளாக, ஆடக்கூடிய நகர்த்தல்களும் அவையே ஆக இருந்தால் சரி. கேட்டது பிழை என்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டுவார்கள், எழுதிய நகர்த்தலை ஆடித்தான் ஆக வேண்டும். "கோட்டை டி1" என்று எழுதினேன். கை நடுங்கியதில் ஒன்று ஏழு மாதிரி விழுந்தது, வெட்டித் திரும்ப எழுதினேன். கையைத் தூக்கினேன்.

நடுவர் வந்து மணிக்கூட்டை நிறுத்தப் போனார். எனக்கு உயிரே போய் வந்தது. இந்த மணிக்கூட்டின் ஆகப் பெரிய குறையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்: நிறுத்துகிற பட்டனும் அழிக்கிற பட்டனும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. அழிக்கிறதை மூன்று செக்கன் பிடித்தால் இரண்டு பக்க நேரமும் போய் ஆரம்பத்துக்கு வந்துவிடும். "சேர், இடப்பக்கம், இடப்பக்கம்" என்று சத்தம் போட்டே விட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டு சரியானதை அமுக்கி, முதல் வேலையாக இரண்டு நேரத்தையும் ஒரு துண்டில் குறித்துக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு பேர் தாளையும் வைத்துப் பார்த்தார். 70, 72, 74. மூன்று தடவை. "ட்ரோ" என்றார்.

ஐயா கையைக் குலுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பழைய மணிக்கூடா இருந்தா நீ எப்பவோ தோத்திருப்ப பிள்ளை" என்றார். அது உண்மை. பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன். 74 தடவை 30 செக்கன் என்றால் 37 நிமிடம். 90 நிமிடம் மட்டும் தந்திருந்தால் அந்த முடிவு ஆட்டத்தையே நான் கண்டிருக்க மாட்டேன். ரேட்டிங்கில் கூடியது 3.2 புள்ளி. ஒரு புள்ளிக்கு 2,875 ரூபா என்று மகன் போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். அவனுக்கு அன்றைக்குச் சோறு கொஞ்சம் பிந்தித்தான் கிடைத்தது.

வாங்கலாமா என்றால், வீட்டில் பிள்ளைகள் ஆட, கிளப்பில் ஆட, தாராளமாக வாங்கலாம். போட்டிக்குக் கொண்டுபோவதென்றால் அழிக்கிற பட்டனின் மேல் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு பொட்டு வையுங்கள், நான் இப்போது வைத்திருக்கிறேன். கான்வாஸ் துண்டை மறக்காதீர்கள். பெட்டரி மூன்று மாசத்துக்கு மேல் நிற்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். நடுவர்களுக்காக இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கி, பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கிற மொடல் கிடைத்தால் அதையே எடுங்கள், ஆயிரம் ரூபா கூடப் போனாலும் பரவாயில்லை.

போன கிழமை தபால் ஐயா கடைக்கு வந்தார். காற்சட்டையில் இரண்டு அங்குலம் குறைக்க வேண்டுமாம். அளவெடுத்து முடிந்ததும் கண்டிக்குப் போனால் தனக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்லி ஐந்நூறு ரூபா அச்சாரம் வைத்தார். மூடி, கால், பட்டன் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டினார். பீப் சத்தத்தை நிறுத்தி வைக்கவா என்று கேட்டதற்கு மட்டும், "அதை நிப்பாட்டாத பிள்ளை, எனக்கு அந்த நம்பர் கண்ணுக்குத் தெரியுறதில்ல" என்றார்.